பின்னால் இருக்கிற தகடு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தி எழுதியது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். இந்த மேடையில் பேசுகிறவர்கள் பொதுவாகத் தாங்கள் எப்படி முன்னுக்கு வந்தோம் என்று பேசுவது வழக்கம். அது நல்ல வழக்கம்தான். மாணவர்களுக்கு அது தேவை. ஆனால் நான் இன்றைக்கு ஒரு தப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேறு யாருடைய தப்பும் இல்லை, நான் செய்தது.

நம் கல்லூரி ஒர்க் ஷாப்பில் கார்பென்டரி பிரிவு இருக்கிறதல்லவா, முதலாம் ஆண்டில் அங்கே நுழைந்த முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "எல்லாரும் கையை நீட்டுங்கடா" என்றார். நகத்தில் அழுக்கு பார்க்கப் போகிறார் என்று நினைத்தோம். "பத்து விரலோட உள்ள வந்திருக்கீங்க. பத்து விரலோட வெளிய போகணும். மார்க் எல்லாம் அப்புறம்" என்றார். நாங்கள் சிரித்தோம். பல வருடம் கழித்துத்தான் அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டேன்.

2009-ல் படிப்பு முடிந்தது. எல்லோரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். எனக்குக் கிடைத்தது செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். செங்கோட்டை, தென்காசிப் பகுதியில் மர மில்கள் நிறைய உண்டு என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற வெளிநாட்டுக் கட்டை லாரியில் வரும். இன்னொரு பக்கம் மலையைத் தாண்டி கேரளத்திலிருந்து ரப்பர் மரம் வரும். எங்கள் மில்லில் ஒன்பது பேர் வேலை. நான் பத்தாவது ஆள் இல்லை; முதலாளிக்கு இருந்த இரண்டு மூன்று மில்லுக்கும் சேர்த்து மெஷின் பார்க்கிற ஆள். கழுத்தில் டை இல்லை, ஆனாலும் எல்லோரும் "இஞ்சினியர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மில்லுக்குள் போகாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கட்டை முதலில் பேண்ட்சாவுக்கு, அதாவது பட்டை ரம்பத்துக்குப் போகும். டிராலியில் ஏற்றிப் பலகை பலகையாக அரிந்துவிடுவார்கள். அப்படி வருகிற பலகையின் இரண்டு ஓரத்திலும் மரப்பட்டை ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக இருக்கும். அந்த ஓரத்தை எடுத்து நேராக்கினால்தான் அது விற்கிற பலகை. பெரிய மில்களில் இதற்கென்றே எட்ஜர் மெஷின் இருக்கும். ஒரே தண்டில் இரண்டு வட்ட ரம்பம், பலகையை இழுக்க உருளைகள், எல்லாம் உண்டு. எங்களைப் போன்ற சின்ன மில்லில் ஒரு இரும்பு மேசை, நடுவில் ஒரு வட்ட ரம்பம், பக்கத்தில் ஒரு கைடு. முன்னால் ஒருவர் பலகையைத் தள்ளுவார், பின்னால் ஒருவர் வாங்குவார். அவ்வளவுதான்.

அந்த ரம்பத்துக்குப் பின்னால், அதன் வளைவுக்கு ஏற்றபடி வளைந்த ஒரு எஃகுத் தகடு நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு ரிவிங் நைஃப் என்று பெயர். மில்லில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "பின்னால இருக்கிற தகடு" என்பார்கள். இந்த உரை முழுவதும் அந்தத் தகட்டைப் பற்றித்தான்.

அது எதற்கு? ஓடுகிற வட்ட ரம்பத்தை மனதில் நிறுத்திப் பாருங்கள். நம் பக்கத்துப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மரத்தை மேசையோடு சேர்த்து அமுக்குகின்றன. நல்லது. ஆனால் பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் நம்மைப் பார்த்து வருகின்றன. மரம் உயிரோடு இருந்தபோது வளைந்து, சாய்ந்து, காற்றைத் தாங்கி நின்றது. அந்த இழுவிசை கட்டைக்குள்ளேயே இருக்கிறது. ரப்பர் மரத்திலும் யூகலிப்டஸிலும் இது அதிகம். அறுத்த உடனே அந்த விசை விடுபட்டு, பலகையின் இரு பாதியும் ஒன்றையொன்று நெருக்கும். அறுத்த வாய் மூடும். மூடினால் ரம்பத்தின் பின்பக்கத்தைக் கவ்வும். கவ்வினால், ஏறுகிற பற்கள் அந்தப் பலகையைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே எறியும். அறுத்த வாய் மூடாமல் ஆப்பு மாதிரி நிற்பதுதான் அந்தத் தகட்டின் வேலை.

என்ன வேகத்தில் எறியும்? எங்கள் ரம்பம் 400 மில்லிமீட்டர் விட்டம். நிமிடத்துக்கு 2,400 சுற்று. கணக்குப் போடுங்கள் தம்பிகளே. விளிம்பின் வேகம் செகண்டுக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். பலகை அந்த முழு வேகத்தில் வராது என்று வைத்துக்கொண்டாலும், அதில் பாதியில் வந்தாலே வயிற்றில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பலகையை அமுக்கித் தள்ளிக்கொண்டிருக்கிற கைக்குக் கீழே, கண்ணிமைப்பதற்குள் பலகை இல்லாமல் போகிறது. அமுக்கின கை அமுக்கின பலத்தோடு முன்னால் விழும். அங்கே ரம்பம் இருக்கிறது. 'சட்டென்று கையை எடுத்திருக்கலாமே' என்பார்கள். மனிதனுக்கு ஒன்றை உணர்ந்து கையை இழுக்க செகண்டில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் ரம்பம் எட்டுச் சுற்று சுற்றிவிடும். நாற்பது பல் ரம்பம். 320 பல் கடந்து போயிருக்கும். ஜாக்கிரதை என்பது அங்கே வேலைக்கு ஆகாது. தடுப்புதான் வேலைக்கு ஆகும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2011-ம் வருடம். முதலாளி புதிதாக மெல்லிய ரம்பம் ஒன்று வாங்கி வந்தார். பழைய ரம்பம் மரத்தில் 4.4 மில்லிமீட்டர் வாய் எடுக்கும். புதியது 3.6 மில்லிமீட்டர்தான். தூளாகப் போகிற மரம் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் பின்னால் இருக்கிற தகடு 4 மில்லிமீட்டர் கனம். பழைய வாய்க்குச் சரி. புதிய வாய்க்குள் அது நுழையாது. பலகை தகட்டில் முட்டி நின்றுவிட்டது. முதலாளி கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தகடு இடைஞ்சலா இருக்குல்லா. லோடு சாயங்காலம் போகணும்."

சரியான பதில் எனக்குத் தெரியும். தகட்டின் கனம் ரம்பத்தின் உடம்பைவிட அதிகமாகவும், அது எடுக்கிற வாயைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். புது ரம்பத்தின் உடம்பு 2.6. ஆக, 3 மில்லிமீட்டரில் ஒரு தகடு வெட்டினால் போதும். தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் மறுநாள் கிடைக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்பானர் எடுத்து இரண்டு போல்ட்டைக் கழற்றித் தகட்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். "நாளைக்கு மெல்லிசா ஒண்ணு செஞ்சு மாட்டிரலாம்" என்றேன். பலகை வெண்ணெய் மாதிரி ஓடியது. முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த 'நாளைக்கு' மூன்று வாரம் ஆனது. யாரும் மறக்கவில்லை. தகடு சுவரோரத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் ஆகாமல் மெஷின் ஓடின ஒவ்வொரு நாளும், அது தேவையில்லை என்று எங்களுக்குச் சாட்சி சொன்னது. ஆபத்தான மெஷின் இப்படித்தான் நம்மைப் பழக்குகிறது. தினமும் கடிக்கிற நாயாக இருந்தால் கட்டிப் போட்டிருப்போம்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். ரப்பர் மரப் பலகை, பேக்கிங் பெட்டிக்கு. தள்ளிக்கொண்டிருந்தவர் அந்த மில்லிலேயே அதிக அனுபவம் உள்ள அண்ணன். பெயர் வேண்டாம். பலகை மூடியது, தூக்கியது, எறிந்தது. அவர் விலாவில் பட்டு வெளியே போய் விழுந்தது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. நான் அப்போது அங்கே இல்லை. இன்னொரு மில்லில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது ரம்பம் நின்றிருந்தது, மரத்தூள் மேல் மரத்தூள் போட்டு மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தப்பு நடந்தது. இதை எல்லோரும் கவனித்துக் கேட்க வேண்டும். பதற்றத்தில் யாரோ காயத்தில் காப்பித்தூளை அமுக்கிவிட்டார்கள். விரல்களைத் தேடி எடுத்து, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, நேராக அந்த ஐஸ்கட்டிக்குள் புதைத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து செத்துப்போகும். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரு விரல் ரம்பத்திலேயே நைந்து போயிருந்தது. இன்னொன்று ஒருவேளை தேறியிருக்கலாம்.

சரியான முறை இதுதான். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் கூடாது. அறுந்த விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வைக்க வேண்டும். விரல் குளிர வேண்டும்; ஐஸ் அதைத் தொடக்கூடாது. பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், கை அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்பதை விபத்து நடக்கிற அன்றைக்குத் தேடக்கூடாது. இன்றைக்கே விசாரித்து, போன் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அண்ணன் பிழைத்தார். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், கையிலும் கொஞ்சம் கொடுத்தார். 'விதி' என்றார். 1923-ம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுசும் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் நூற்றுக்கு 20. இன்ன விரலுக்கு இவ்வளவு என்று கசாப்புக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும், படித்தால் வயிறு கலங்கும். ஆனால் அண்ணனுக்குப் போனது நூற்றுக்கு இருபதா? அவர் வலது கையால் சோறு பிசைய முடியாது. வீட்டில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுவார். கல்யாண வீட்டுக்கு வந்தால் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் போய்விடுவார். அதற்கு அட்டவணையில் இடம் கிடையாது.

சட்டம் என்ன சொன்னது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு, மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும், மெஷின் ஓடும்போது அது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் மின்சாரம் உபயோகிக்கிற இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்பது பொது விதி. "நாம ஒம்பது பேர்தான" என்பார் எங்கள் முதலாளி. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருடத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் அந்த 10, 20 ஆகியிருக்கிறது. நான் அரசியல் பேசவில்லை. ரம்பத்துக்கு எண்ணத் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். ஒன்பது பேர் இருக்கிற மில்லிலும் பத்தொன்பது பேர் இருக்கிற மில்லிலும் அது ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். 1996 முதல் உச்ச நீதிமன்றம் காடுகளைக் காக்கப் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, மர மில்களின் உரிமத்தில் கெடுபிடி அதிகம். எங்கள் மில்லில் உள்ளே வருகிற ஒவ்வொரு கட்டைக்கும் புத்தகத்தில் கணக்கு உண்டு. நீளம், சுற்றளவு, கன அடி எல்லாம் எழுதுவோம். நல்ல காரியம். ஆனால் அந்த மில்லில் எத்தனை விரல் போயிருக்கிறது என்று எழுதி வைத்த புத்தகம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

தகடு மட்டும் போதுமா என்றால் போதாது. நான் கண்ணால் பார்த்த மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-ல் நம் மாநிலத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் போனால் சுவிட்சை விடுவித்துவிடும், கரண்ட் வந்தாலும் நாம் அமுக்காமல் மெஷின் ஓடாது. அடிக்கடி அமுக்க வேண்டியிருக்கிறது என்று அதில் குச்சி செருகி வைத்திருந்த மில்லை நான் பார்த்திருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்தில் சிராயை எடுக்கக் கையை விடுகிறவன் கதி என்ன? சுவிட்சை அணைத்த பிறகும் ரம்பம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் குறைந்ததும் நின்றுவிட்டது என்று நினைப்போம். முழுசாக நின்ற பிறகுதான் கை போக வேண்டும். ஓடும்போது சிராயைத் தள்ள ஒரு நீளக் குச்சி, பலகையின் கடைசி ஒரு முழத்தைத் தள்ள ஒரு தள்ளுகட்டை. இரண்டும் மெஷினிலேயே தொங்க வேண்டும். தோளில் துண்டு, தொங்குகிற லுங்கி, ரம்பத்தருகே கையுறை எதுவும் கூடாது. கையுறையின் ஒரு நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். நிற்கிறவர் ரம்பத்துக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். உருளை வைத்த எட்ஜராக இருந்தால், பலகை சிக்கியதும் அமுக்கும் உருளையை அவசரப்பட்டுத் தூக்கவே கூடாது. தூக்கினால் பிடி விட்டுப் பலகை பாயும். முதலில் இழுவையை நிறுத்து, பிறகு ரம்பத்தை நிறுத்து, அப்புறம்தான் உருளை. மரத்தூளைப் பற்றி ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. விரல் போனால் தெரிகிறது, மூச்சு போவது தெரிவதில்லை.

தோல் பட்டதும் நின்றுவிடுகிற ரம்பம் வந்துவிட்டதாமே என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். வந்திருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் கண்டுபிடித்தார். சுமார் 5 மில்லி செகண்டில் ரம்பத்தை நிறுத்திவிடும். தச்சுப் பட்டறைக்கு அருமையான சாதனம். ஆனால் அது உடம்பின் மின்கடத்தலை வைத்து வேலை செய்கிறது. ஈரம் சொட்டுகிற பச்சை மரமும் மின்சாரத்தைக் கடத்துமே! மில்லுக்கு இன்னும் நம்முடைய சாதாரணத் தகடுதான் துணை.

அந்த விபத்துக்கு மறுவாரம் நான் 3 மில்லிமீட்டர் தகடு வெட்டி மாட்டினேன். அரை நாள் வேலை. செலவு, முதலாளி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடித்த வாடகைக் காருக்கும் குறைவு. அண்ணனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். "நான்தாண்ணே கழட்டுனேன்" என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர், "நீங்க கழட்டுனீங்க தம்பி, நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்? படிச்ச பிள்ள செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

படிச்ச பிள்ள. தம்பி தங்கைகளே, இந்த இரண்டு வார்த்தையைத்தான் உங்களிடம் ஒப்படைக்க வந்தேன். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், அங்கே உங்களைவிட வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனாலும் நீங்கள் ஸ்பானரை எடுத்தால் அவர்கள் தங்கள் பயத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். நீங்கள் கழற்றினால் அது அனுமதி ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு எதையாவது கழற்ற வேண்டி வந்தால், அது திரும்ப மாட்டப்படுகிற வரைக்கும் மெயின் சுவிட்சின் ஃபியூஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். 'நாளைக்கு' என்று சொல்கிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்த நாளை வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது.

இந்தக் கூட்டத்தில் மரக்கடை, சா மில், பர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிற அண்ணன்மார்கள் நாலைந்து பேர் இருப்பது எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாமல் நாளைக்குக் காலையில் உங்கள் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தகடு இருக்கிறதா? ரம்பத்துக்கும் அதற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? சாணை பிடிக்கப் பிடிக்க ரம்பம் சிறுக்கும், இடைவெளி கூடும். அதைத் திரும்ப முன்னால் நகர்த்தினீர்களா?

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நாம் வருடா வருடம் ஃபேன், கடிகாரம், தண்ணீர்த் தொட்டி என்று கல்லூரிக்குக் கொடுக்கிறோம். இந்த வருடம் கொஞ்சம் எஃகுத் தகடு வாங்கிக் கொடுப்போம். இறுதியாண்டு மாணவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து மில்களுக்கும் தச்சுப் பட்டறைகளுக்கும் போகட்டும். ஒரு வெர்னியர் போதும். ரம்பத்தின் உடம்பு எவ்வளவு, அது எடுக்கும் வாய் எவ்வளவு, விட்டம் எவ்வளவு, மூன்றே அளவு. திரும்பி வந்து நம் ஒர்க் ஷாப்பிலேயே தகடு வெட்டி, அவர்களே போய் மாட்டிவிட்டு வரட்டும். பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் செய்து அலமாரியில் தூங்குவதைவிட அது நல்லது. முதல் பத்துத் தகட்டின் செலவு என்னுடையது. செயலாளர் அண்ணனிடம் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் இப்போது ஒரு டிப்போவில் கட்டை அளக்கிறார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். இங்கே பேசப் போகிறேன், உங்களைப் பற்றிச் சொல்லலாமா என்று போன வாரம் கேட்டேன். "பேர் வேண்டாம். தகடைப் பத்திச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.



— முன்னாள் மாணவர், இயந்திரவியல் பிரிவு, 2009